செத்த நட்சத்திரத்தின் தூசியும் என் மகள் ஷர்மினும்

கம்பம்,
12.8.2008

அன்பு மச்சான் ராஜா முகம்மது அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கை ஷரீபாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். சார்ஜாவில் தாங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம்.

நிற்க. உங்கள் மருமகள் ஷர்மின் பெங்களூரில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள். வெடித்துச் செத்த நட்சத்திரம் விட்டுப்போன தூசியில் என்னென்ன இருக்கிறது என்று அகச்சிவப்புக் கதிரில் பார்த்துச் சொல்லும் படிப்பு. பெருமை தாங்காமல் பஜாரில் ஃபிளெக்ஸ் வைக்கச் சொன்னேன். அச்சடித்த சுருளியாண்டி, ‘நட்சத்திரம் மரணம்’ என்பதை மட்டும் ஆள் உயரத்துக்குப் போட்டுவிட்டான். எந்த நடிகர் என்றுகூடக் கேட்காமல் ஆட்டோ ஸ்டாண்டில் கறுப்புக்கொடி கட்டி, கடைகளுக்கு ஷட்டரையும் இறக்கிவிட்டார்கள். பதறிப்போய் ‘தூசி ஆராய்ச்சியில் டாக்டர்’ என்று மாற்றி வைத்தால், மறுநாள் காலை நம் ஜவுளிக்கடை வாசலில் ஊரிலுள்ள தும்மல்காரர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்! கடமலைக்குண்டிலிருந்து முருகம்மாள் என்றொரு அம்மா பஸ் ஏறியே வந்துவிட்டது.

“டாக்டரம்மா எங்கன இருக்காக? மிளகா வத்தல் மண்டியில வேலை. தும்மித் தும்மி உசுரு போகுது.”

லீவில் வந்திருந்த ஷர்மின் அந்த அம்மாவை உள்ளே உட்காரவைத்தாள்.

“நான் மருந்து குடுக்கிற டாக்டர் இல்லம்மா. நட்சத்திரம் வெடிச்சா தூசி பறக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனா அதுல கொஞ்சம் சூடு இருக்கும். அந்தச் சூட்டைப் பாக்குற டெலஸ்கோப் வச்சு, அதுல என்னென்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிக்கிறேன். நம்ம ரத்தத்துல ஓடுற இரும்புகூட அப்படி வெடிச்சதுல வந்ததுதான்.”

“எனக்கு ரத்தத்துல இரும்பு பத்தலைன்னுதான் ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்தாக. அங்கன அம்புட்டுக் கெடக்குதா தாயி?”

கடையே சிரித்தது. முருகம்மாளும் சிரித்தது, தும்மலோடு. ஷர்மின் தானே ஆட்டோ பிடித்து அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். அவள் ஆட்டோவில் ஏறியபோது, “இவ என் மக” என்று வரிசையில் நின்ற எல்லோரிடமும் சொன்னேன் மச்சான். அவர்களுக்குத் தெரியாதா என்ன, இருந்தாலும் சொன்னேன்.

விஷயம் இதுதான். ஜப்பானில் இதே ஆராய்ச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஒற்றைப் பிள்ளை, அவ்வளவு தூரம் வேண்டாம் என்று நீங்கள்தான் போன் போட்டுக் கண்டித்துச் சொல்ல வேண்டும். அவளை நேரில் பார்த்தால் எனக்குச் சொல்ல வாய் வரமாட்டேன் என்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

தங்கள் அன்பு மச்சான்,
நூர் முகம்மது

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஷர்மின் வந்து, “அத்தா, நீங்க வேணாம்னா நான் போகலை” என்றாள். “யாரு வேணாம்னது? உங்க மாமுதான் ஏதாச்சும் சொல்லுவாக, நீ காதுல போட்டுக்காத” என்று சொல்லிவிட்டேன். கோபிக்க வேண்டாம். ஜப்பானில் பனி கொட்டுமாம், அவளுக்கு நல்ல கம்பளிக் கோட்டாக ஒன்று வாங்கி அனுப்பவும்.