நெற்றிக்கண் பொட்டு

வரிசையில் நின்றது சரியாக ஆறு மணி நேரம் நாற்பது நிமிடம். அன்புக்கரசி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த அந்தத் தென்னந்தோப்பில் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கியது. அத்தனை பேரும் தொண்ணூற்றெட்டாம் வருடத்து அதிசயம் ஒன்றைப் பார்க்க வந்தவர்கள். அந்த அதிசயம் ஒரு லேப்டாப்.

லேப்டாப் என்று சொல்வது குற்றம். ஞானப்பெட்டி என்று சொல்ல வேண்டும். இமயமலைக் குகையில் வர்ணசித்தருக்குத் தானாகக் கிடைத்ததாம். குகையில் பிளக் பாயிண்ட் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. போட்டோவைக் கொடுத்தால் சீடர் அதை ஸ்கேனரில் வைப்பார். பெட்டியில் முகம் தோன்றும். தோஷம் இல்லாத முகம் தெளிவாகவே இருக்கும். தோஷம் இருந்தால் இருண்டு பேயாகிவிடும். மூன்று வாரப் பூஜைக்குப் பிறகு தெளியும். சனி பகவானும் தவணைக்கு ஒத்துக்கொண்டிருந்தார்.

அன்புக்கரசி பி.எஸ்ஸி. இயற்பியல். கோயமுத்தூர் கணபதியில் பாலகோபால் அண்ணனின் ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துகிறவள். தாராபுரம் கல்யாணத்துக்கும் தூக்கிப் போகிற மாதிரி, கேமரா பைக்குள் அடங்கும் லேப்டாப் ஒன்று வேண்டும், அதில் பட்டுப்புடவையின் பச்சை பச்சையாகவே தெரிய வேண்டும் என்பது அண்ணனின் உத்தரவு. மூன்று மாதமாக அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். ஒரு போட்டோவைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பாள். உட்கார்ந்து பார்ப்பாள், எழுந்து பார்ப்பாள், "இது வேண்டாமுங்க" என்று முணுமுணுப்பாள். அதற்கு மேல் சத்தம் அவளுக்கு வராது.

இங்கே வந்தது தங்கை இனியாவுக்காக. மாப்பிள்ளை சென்னியப்பனுக்கும் இனியாவுக்கும் பிடித்திருந்தது. "எனக்கும் புடிச்சிருக்குதுங்க. சாமி பெட்டியில ஒருக்கா பாத்துபோட்டா முடிச்சுக்கலாமுங்க" என்றார் அவன் அம்மா சின்னாத்தாள். பெட்டிக்கும் பிடிக்க வேண்டுமல்லவா?

மண்டபத்தில் உயரமான பீடத்தில் பெட்டி. எதிரே தரையில் ஜனம். பெட்டியின் முன் நிற்பவருக்குப் பார்வை போய்விடும் என்று பலகையில் எழுதியிருந்தது. பெட்டியின் கீலை ஒட்டி மெரூன் நிறத்தில் ஒரு பொட்டு. அதுதான் சாமியின் நெற்றிக்கண், தானாக முளைத்த சுயம்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்ததும் அன்புக்கரசி கழுத்தை நீட்டி உற்று நோக்கினாள். பக்தி முற்றிவிட்டது என்று பக்கத்து அம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

இனியாவின் முகம் திரையில் வந்தது. சாமி மூடியின் மேல் கை வைத்து ஆசீர்வதித்தார். மூடி மெல்லப் பின்னால் சாய்ந்தது. முகம் இருண்டது. பல் கறுத்தது.

"சனி!" என்றார் சாமி.

சின்னாத்தாள் பெருமூச்சு விட்டார். "தப்பா நெனைக்காதீங்க கண்ணு. எங்க ஊட்டுக்கு இது சரிப்படாதுங்க."

இனியா அழவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். அன்புக்கரசி அதைப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"அம்மணி, உக்காருங்க! கண்ணு போயிருமுங்க!" சீடர் அலறினார்.

கண் போகவில்லை. இனியா திரையில் தெளிவாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, எந்திரிச்சுப் பாருங்க" என்றாள் அன்புக்கரசி, பாதிக் குரலில்.

சின்னாத்தாள் இனியாவின் கையைப் பிடித்து எழுந்தார். பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். "ஏனுங்க சாமி, உக்காந்தா சனி இருக்குது, எந்திரிச்சாப் போயிருதுங்க?"

"நம்பிக்கை இல்லாதவங்க கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்."

"நம்பிக்கையெல்லாம் இருக்குதுங்க. முழங்காலுதான் இல்லீங்க."

மண்டபமே எழுந்தது, உட்கார்ந்தது, எழுந்தது. பள்ளிக்கூடத்து டிரில் தோற்றது. "சாமி படத்தப் போடுங்கய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வாசலில் விற்ற படம் ஒன்று கைமாறி வந்தது. சீடர் பழக்கதோஷத்தில் ஸ்கேனரில் வைத்துவிட்டார். மூடி சாய்ந்தபடியே இருந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் அலறினார்கள். சாமிக்குச் சனி இனியாவைவிட இரண்டு மடங்கு.

"இமயமலைப் பெட்டியைப் பத்தி இந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?" சாமி கத்தினார்.

"அதானே, உனக்கெப்படித் தெரியும் அம்மணி?" என்றார் சின்னாத்தாள். பிடித்திருந்த இனியாவின் கையை அவர் இன்னும் விடவில்லை.

அன்புக்கரசி தொண்டையைச் செருமினாள். இந்தத் தடவை சத்தம் வந்தது.

"அந்த நெத்திக்கண்ணு என்னோட ஸ்டிக்கர் பொட்டுங்க. மூடி அதைத் தாண்டிச் சாஞ்சா, கீழிருந்து பாக்கறப்ப நெறம் கெட்டுப்போகும்னு நாந்தான் அடையாளத்துக்கு ஒட்டினேன். பதினோரு நாள் வெச்சுப் பாத்துட்டு, கோயமுத்தூர்க் கடையில திருப்பிக் குடுத்துபோட்டனுங்க. ஒரு பொடவை நெறத்துக்கே நம்ப முடியாத பெட்டிங்க அது. அதை நம்பி நீங்க பொண்ணு வேண்டாங்கறீங்க."