பொன்னுரங்கம் தின்னாத லட்டு

மலையும் கடலும் இல்லாமல் கரும்பு மட்டும் இருந்த ஒரு நாட்டுக்கு அக்கார நாடு என்று பெயர். அதை ஒரு ராஜா ஆண்டார். ராஜாவை மக்கள் பார்த்ததில்லை. தலைமைச் செயலகத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

செயலகத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு காலத்தில் போட்டார்கள். ஏதாவது ஆணையால் ஓர் ஊர் மூழ்கினால், அது தன் கையெழுத்தே இல்லை என்று ஒவ்வொரு செயலரும் சொன்னார். எனவே கையெழுத்தை ஒழித்தார்கள். ஆணை உரக்க வாசிக்கப்படும். இருபத்தொரு செயலர்களும் ஆளுக்கு ஒரு லட்டு தின்பார்கள். தின்றபின் வாயைத் திறந்து காட்டுவார்கள். இருபத்தொரு வாயும் காலியாக இருந்தால் ஆணை செல்லும். இதற்கு உண்டொப்புதல் என்று பெயர். மறுத்துப் பேச இதில் வழியில்லை என்பதால் எல்லோருக்கும் பிடித்திருந்தது.

நாளுக்கு நான்கு ஆணைகள். சில நாள்களில் ஒன்பது.

ஏரிச் செயலர் பொன்னுரங்கம் இருபது ஆண்டுகள் இப்படித் தின்றார். பங்குனியில் இடது கால் கட்டைவிரலைச் செருப்பு கடித்தது. ஆனி பிறந்தும் புண் ஆறவில்லை.

மருத்துவர் மங்களநாயகி புண்ணைப் பார்த்தார்.

"என்ன வேலை?"

"செயலகத்துல."

"அப்ப லட்டு."

"ஆமா."

"நிறுத்துங்க. நிறுத்தினா விரல் மிஞ்சும். இல்லன்னா முதல்ல விரல், அப்புறம் பாதம், அப்புறம் முட்டி. பயமுறுத்தல. வரிசையைச் சொல்றேன்."

வெளியே முற்றத்து பெஞ்சில் கட்டைக்கால்களோடு சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பொன்னுரங்கத்துக்கு முன்பு ஏரிச் செயலராக இருந்தவர்.

"வாப்பா பொன்னுரங்கம்" என்று அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

பொன்னுரங்கம் உட்காரவில்லை.

மறுநாள் டப்பாவில் கொள்ளுச் சுண்டலும் வெள்ளரிக்காயும் கொண்டுபோனார். முதல் ஆணை வாசிக்கப்பட்டது. தட்டு வந்தது. வேண்டாம் என்றார்.

பக்கத்து நாற்காலி சாலைச் செயலர் குணபாக்கியத்துடையது. பதினாறு ஆண்டுகளாக அதே நாற்காலி.

"என்னண்ணே, வீட்ல சண்டையா?"

"சக்கரை, பாக்கியம். கால்ல புண்ணு. லட்ட நிறுத்தலன்னா வெட்டிடுவாங்களாம்."

"ஒண்ணே ஒண்ணுண்ணே. ஒண்ணுல என்ன ஆயிடப் போகுது?"

"ஒண்ணு ஒண்ணாத்தான இருபது வருஷம் தின்னேன்."

"எங்க பெரியப்பா தொண்ணூத்திரண்டு வயசு வரைக்கும் ஜிலேபி சாப்பிட்டாரு. கல்லு மாதிரி இருந்தாரு."

"எப்படிச் செத்தாரு?"

"அது வேற."

கோயில் செயலர் எட்டிப் பார்த்தார். "பிரசாதம்னு நெனச்சு வாயில போடு. சக்கரை ஏறாது."

வனச் செயலர் பாதி தின்னச் சொன்னார். சட்டச் செயலர் டப்பாவைத் திறந்து பார்த்தார்.

"யோவ், இது குதிரைக்கு வைக்கிறதுய்யா."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று சுண்டலை ஆளுக்கு ஒரு கை எடுத்தார்கள். பொன்னுரங்கத்துக்கு வெள்ளரிக்காய் மிஞ்சியது.

இரண்டாம் நாள் முகம் வாடிவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் இளைத்தால் அவருக்கு நன்றாக இல்லை என்றார்கள். நான்காம் நாள் அவருடைய மேசை இழுப்பறையில் காகிதம் சுற்றிய லட்டு ஒன்று இருந்தது. அன்பாக வைத்திருந்தார்கள். அடுத்த நாளும் வைத்தார்கள்.

"நீங்க சாப்பிடலன்னா எனக்குத் தொண்டையில எறங்கவே மாட்டேங்குதுண்ணே" என்று குணபாக்கியம் சொன்னார். சொல்லிவிட்டுப் பொன்னுரங்கத்தின் பங்கையும் எடுத்துத் தின்றார்.

தலைமைச் செயலர் அரிகேசரி கூட்டம் கூட்டினார்.

"ஒருவருடைய உடல்நலத்தை மதிக்காத அரசு அரசே அல்ல" என்றார். "ஏரிச் செயலர் விலக்கு மனு அளிக்கலாம். நாம் பெருந்தன்மையோடு பரிசீலிப்போம்."

பொன்னுரங்கம் மனு எழுதினார். அன்றே பரிசீலித்தார்கள். ஏரிச் செயலர் லட்டு தின்ன வேண்டியதில்லை என்று ஆணை வாசிக்கப்பட்டது. தட்டு வந்தது. இருபது பேர் தின்றார்கள். எல்லோரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள்.

"எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அரிகேசரி.

"தின்ன வேண்டாம்னுதான இந்த ஆணை?"

"ஆம். நீங்கள் தின்றதும் அமலுக்கு வரும்."

"தின்னாம இருக்கிறதுக்குத் தின்னணுமா?"

"ஒன்றுதானே."

அவர் எடுக்கவில்லை. உங்களுக்காகத்தானே போட்டோம் என்று வனச் செயலர் வருந்தினார். அன்று மாலை வரை யாரும் அவரோடு பேசவில்லை.

அடுத்த கூட்டத்தில் குறை லட்டில் இருப்பதாக முடிவானது. ருசி போதவில்லை. ருசி இருந்தால் மனம் இளகும். வீட்டுக்கு ஒரு கரண்டி நெய் செயலகத்துக்குத் தர வேண்டும் என்று ஆணை பிறந்தது. பொன்னுரங்கம் தின்னவில்லை. நெய் வசூலானது. லட்டு இன்னும் மணந்தது. பொன்னுரங்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அதனால் வீட்டுக்கு ஒரு படி கடலைப் பருப்பு என்றார்கள். அதன்பின் வெல்லம்.

கரும்பு விளைந்த நாட்டில் குழந்தைகளின் கஞ்சிக்கு வெல்லம் இல்லாமல் போனது. ஏரிச் செயலரின் பிடிவாதத்தால் இந்த நிலை என்று தண்டோரா போட்டார்கள்.

பொன்னுரங்கம் கடைத்தெருவில் நொண்டி நடந்துகொண்டிருந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி வழியை மறித்தாள்.

"யோவ், நீதான அந்த ஏரி ஆளு?"

"ஆமாம்மா."

"ஒரு லட்டுய்யா! ஒரே ஒரு லட்டு! தின்னுத் தொலைச்சாத்தான் என்ன? எங்க வீட்ல நெய் இல்ல, பருப்பு இல்ல, வெல்லம் இல்ல. நீ என்னமோ வேணாம் வேணாம்ங்கிற."

"எனக்குக் கால் போயிடும்மா."

"எனக்குச் சோறே போயிடுச்சு."

பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்து புண்ணின் கட்டைப் பிரித்தார். கொட்டைப்பாக்கு அளவிருந்த புண் மிளகு அளவுக்கு வந்திருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் நோயையே நீக்கினார்கள். சர்க்கரை நோய் என்ற சொல் செயலகத்தின் நற்பெயரைக் கெடுப்பதாக அரிகேசரி விளக்கினார். இனி அதன் பெயர் செழிப்பு. கால் எடுப்பதன் பெயர் சுமை குறைப்பு. மங்களநாயகியின் பெயர்ப்பலகையைக் கழற்றி வேறு எழுதி மாட்டினார்கள்.

"உங்களுக்குச் செழிப்பு குறைஞ்சிருக்கு" என்றார் மங்களநாயகி. "வருத்தமாச் சொல்லணுமாம். மருந்து தரக் கூடாது. செழிப்புக்கு யாராவது மருந்து தருவாங்களான்னு கேக்கறாங்க. உங்களுக்குச் சுண்டல் போதும். மத்தவங்களுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல."

முற்றத்து பெஞ்சில் இடம் போதாமல் ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

புரட்டாசியில் சட்டச் செயலர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். இருபத்தொரு வாயும் தின்றால்தான் ஆணை செல்லும். பொன்னுரங்கம் நிறுத்திய நாளிலிருந்து இருபது வாய்தான் தின்றிருக்கிறது. நெய் ஆணை, பருப்பு ஆணை, வெல்ல ஆணை, செழிப்பு ஆணை, மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒன்றும் செல்லாது.

தட்டு பாதி வழியில் நின்றது.

"அப்ப நெய்ய ஜனங்களுக்குத் திருப்பிக் குடுத்துடலாமே" என்றார் பொன்னுரங்கம்.

"தின்றாகிவிட்டது" என்றார் அரிகேசரி.

அன்று மதியமே அவரை அரண்மனைக்கு அழைத்துப் போனார். பொன்னுரங்கம் ராஜாவைப் பார்ப்பது அதுவே முதல்முறை. ராஜா ஒல்லியாக, ஆரோக்கியமாக இருந்தார். அவருக்கு முன்னால் கேழ்வரகுக் களியும் வேகவைத்த பாகற்காயும் இருந்தன. பக்கத்தில் ஒரு பருத்த மனிதர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவருக்கு இரண்டும் கட்டைக்கால். மடியில் லட்டுத் தட்டு.

"மகாராஜாவுக்கும் செழிப்பு உண்டு" என்று அரிகேசரி மெதுவாகச் சொன்னார். "பதினோரு ஆண்டுகளாக லட்டைத் தொடுவதில்லை. இவர் அரசவாய். இங்கே வரும் ஒவ்வோர் ஆணைக்கும் மகாராஜாவின் பங்கை இவர் தின்கிறார்."

ராஜா பொன்னுரங்கத்தின் காலைப் பரிவோடு பார்த்தார்.

"மகாராஜா, நீங்க சாப்பிடுறத நாட்டுல எல்லாருக்கும் சொல்லலாமே. கால் மிஞ்சும்" என்றார் பொன்னுரங்கம்.

ராஜா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"மகாராஜா மகிழ்ந்தார்" என்றார் அரசவாய். "போகலாம்."

ராஜா வாயை மூடிக்கொண்டு ஒரு பாகற்காய்த் துண்டை எடுத்தார்.

திரும்பும் வழியில் அரிகேசரி நண்பரைப் போலப் பேசினார். "உங்களுக்கும் ஒரு வாய் நியமித்துவிடலாம். நீங்கள் சுண்டல் சாப்பிடலாம். யாரும் இழுப்பறையில் லட்டு வைக்க மாட்டார்கள். சம்மதம்தானே?"

பொன்னுரங்கத்துக்கு அலுத்திருந்தது. மூன்று மாதங்களாக ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். புண் மிளகு அளவில் இருந்தது. இன்னும் இரண்டு மாதம் போதும். அரசவாயின் பேச்சு அவருக்கு நினைவு வந்தது. விரலும் நினைவு வந்தது. தலையசைத்தார்.

குணபாக்கியம் தானாகவே முன்வந்தார். "அண்ணனுக்கு இதுகூடச் செய்ய மாட்டேனா? ஏற்கெனவே ரெண்டு ரெண்டாத்தான சாப்பிடுறேன்."

நானூற்றுப் பன்னிரண்டு லட்டுகளை அவர் ஒன்பது நாளில் தின்று முடித்தார். நானூற்றுப் பன்னிரண்டு ஆணைகளும் சட்டமாயின. பொன்னுரங்கம் தன் இடத்தில் அமர்ந்து சுண்டல் சாப்பிட்டார். யாரும் டப்பாவில் கை வைக்கவில்லை. புண் கடுகு அளவானது.

ஐப்பசியில் மேலை ஏரியைத் தூர்த்து அங்கே லட்டுக் கிடங்கு கட்டும் ஆணை வந்தது.

பொன்னுரங்கம் எழுந்தார். "கூடாது. மூணு ஊருக்கு அது ஒண்ணுதான் தண்ணி. கோடையில ஜனம் செத்துப்போகும்."

அரிகேசரி அவரைப் பார்க்கவில்லை. குணபாக்கியத்தைப் பார்த்தார்.

"ஏரிச் செயலரின் வாய் என்ன சொல்கிறது?"

குணபாக்கியத்தின் வாய் நிறைந்திருந்தது. தலையசைத்தார்.

"ஏரிச் செயலர் ஒப்புகிறார்."

"நான் இங்கதான் நிக்கிறேன்! பாக்கியம், வேணாம்னு சொல்லு!"

குணபாக்கியம் விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார். காலியாக இருந்தது.

"மன்னிச்சுக்கண்ணே. எறங்கிடுச்சு."

கூட்டக் குறிப்பேட்டில், இடையில் ஓசை கேட்டது என்று எழுதினார்கள்.

ஏரியைத் தூர்த்தார்கள். மூன்று ஊர் மக்களும் வெறும் குடங்களோடு செயலக வாசலுக்கு வந்தார்கள். அரிகேசரி மாடத்தில் நின்று பேசினார். இதுவரை மக்களைக் கேட்காமல் ஆணை பிறப்பித்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். கூட்டம் அசந்துபோனது. இனி மக்களின் ஒப்புதலும் தேவை. ஆனால் அத்தனை பேருக்கும் லட்டு பிடிக்க வெல்லம் இல்லை. தின்றால் செழிப்பும் வரும். ஆகவே ஊர்தோறும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் தங்களுக்கு ஒரு வாயைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த வாய் அவர்களுக்காகத் தின்னும். வாய் உள்ளவர் வேறு வாயால், சொந்த வாயாலும், பேசக் கூடாது.

மக்கள் கைதட்டினார்கள். குடங்களைத் தட்டினார்கள்.

தேர்தல் நாளில் விடுமுறை. நொண்டிகள்கூட வரிசையில் நின்றார்கள். யார் அதிகம் தின்பார் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். கடைத்தெருவில் வழிமறித்த பெண் பிள்ளையோடு நின்றிருந்தாள். "எங்க ஊர் வாய் ஒரு வேளைக்கு அறுபது தின்னும்" என்று பக்கத்து ஊர்க்காரியிடம் பெருமையாகச் சொன்னாள். பிள்ளை விரல் சூப்பிக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் பொன்னுரங்கத்தின் புண் ஆறியது. மங்களநாயகி விரலைத் திருப்பிப் பார்த்தார். அழுத்தினார். தோல் சிவந்து, புதிதாக இருந்தது.

"இனி நடக்கலாம், ஓடலாம். எனக்குத் தெரிஞ்சு செயலகத்துல தப்பிச்ச கால் இது ஒண்ணுதான். வேற ஏதாவது சொல்லணுமா?"

சொல்ல இருந்தது. மேலை ஏரியைப் பற்றி, மூன்று ஊர்களைப் பற்றி, அந்தப் பிள்ளையின் கஞ்சியைப் பற்றி. எழுந்து இரண்டு கால்களையும் நன்றாக ஊன்றிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

மங்களநாயகி கதவைப் பார்த்தார். சட்டென்று கையை உயர்த்தினார்.

"இருங்க. என் ஆஸ்பத்திரிய மூடிடுவாங்க. உங்க வாய் வந்திருக்காங்களா?"

குணபாக்கியம் வந்திருந்தார். முற்றத்து பெஞ்சில், இடது காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். பொன்னுரங்கத்தைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். ஏதோ சொல்ல நினைத்தவர்போல் இருந்தது. வாயில் லட்டு இருந்தது.