சப்பாத்தி மாவும் பாலைவனத் தகடுகளும்

சூரியத் தகடுகளுக்கு வெயில் பிடிக்கும், சூடு பிடிக்காது. சூடேறினால் மின்சாரம் குறையும். தூசி படிந்தால் இன்னும் குறையும். பாலைவனத்தில் அவை படும் பாடு, பட்டுச்சேலையோடு அடுப்படியில் மாட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணின் பாடு.

அந்தத் தூசியைத் தண்ணீரில்லாமல் துடைக்க எங்கள் சிறு குழு ஓர் இயந்திரம் செய்திருந்தது. (பாலைவனத்துக்கான இயந்திரம், மழை ஓயாத ஒஸ்லோவில்!) வளைகுடாச் சூரிய மின்நிலையம் ஒன்றிலிருந்து அதைப் பார்க்க ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் குழுவையே கலைத்துவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார். சோதனைக்கு வரவழைத்த பாலைமணலோ சுங்கத்தில் நின்றுவிட்டது.

"ஆட்டா மாவைத் தூவுமன். நிறமும் அதே மாதிரித்தானே," என்றார் என் கணவர் குமரன், ஒஸ்லோவின் ஓரத்தில் ரொம்சோஸில் இருக்கும் எங்கள் வீட்டில் ரொட்டியை மென்றபடி. பொறியியல் படித்த நான் அதைக் கேட்டேன் பாருங்கள்!

அலுவலகக் கூரையில் இருந்த தகடுகள்மேல் மாவை அரிதட்டில் அரித்துத் தூவினேன். அசல் பாலைவனம். விருந்தினர் படியேறி வரவும் தூறல் விழவும் சரியாக இருந்தது. இயந்திரத்தை ஓட்டினேன். அதன் தூரிகை மாவைத் துடைக்கவில்லை, பிசைந்தது. பிறகு தானும் அதில் ஒட்டிக்கொண்டு முனகி நின்றது.

வந்தவர்களில் பராமரிப்புத் தலைவி தேன்மொழி, திருநெல்வேலிக்காரர். விரலால் தொட்டு முகர்ந்தார்.

"ஏங்க, இது சப்பாத்தி மாவா?"

"ஓம்..."

"மந்திரம் சொன்னா சரியாயிடுமா?"

(எங்கள் யாழ்ப்பாணத்தில் 'ஓம்' என்றால் 'ஆமாம்'.)

கீழே ஓடி அலுவலகக் குளியலறையில் ஒளிந்துகொண்டேன். அங்கே தரைத்தண்ணீரை வழிக்கும் ரப்பர்க் கட்டை சுவரில் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் மூளை வேலை செய்தது. தூக்கிக்கொண்டு மேலே ஓடி, மா காயுமுன் ஒரே இழுப்பு. தகடு பளிச்சென்றது. அந்த மப்பு மந்தாரத்திலும் மீட்டரில் எண் ஏறியது.

தேன்மொழி கைதட்டினார். "இதேதாங்க எங்க பிரச்சனை! விடியக்காலப் பனியில தூசி கூழாயிடும். வெயில் வந்தா சிமெண்டு மாதிரி இறுகிடும். வர்றவங்கல்லாம் காஞ்ச தூசியத் தொடச்சுக் காட்டிட்டுப் போயிடறாங்க. நீங்கதான் நிஜத்தக் காட்டினீங்க. இந்த ரப்பர மெஷின்லயே மாட்ட முடியுமா?"

"ஓம்!" என்றேன், இம்முறை கூரை அதிர.

மாட்டினோம். குழு பிழைத்தது. பின்பு ஒரு விடியலில், பாலைவனத்தில் தேன்மொழியின் பக்கத்தில் நின்று, எங்கள் இயந்திரங்கள் வரிசை வரிசையாக ஈரத்தூசியை வழித்துச் செல்வதைப் பார்த்தேன். வெயில் எழுந்தபோது தகடுகள் எல்லாம் மின்னின. எனக்கு அழுகை வந்தது. தூசி என்று சமாளித்தேன். அந்த ஊரில் அது எடுபடும்.

பக்கத்து நகரமான திராமனில் எந்த உறவினர் கல்யாணமென்றாலும் குமரன் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்: "இவ மா குழைச்சால் ஒரு ஊருக்கே கரண்ட் வரும்."

ஆனால் வீட்டில் ரொட்டிக்கு மா குழைப்பது இப்போது அவர்தான். நான் கை வைத்தால் மகள் தடுத்துவிடுகிறாள்: "விடுங்கோ அம்மா, நீங்கள் குழைக்கிறது ஏற்றுமதிக்கு மட்டும்."