கண்ணுக்கு முந்நூறு

வம்பன் என்று பட்டப்பெயர் வாங்கிய சுமைக்காரன், சிமெண்டுக் கிடங்குக்குக் கட்ட வேண்டிய பாக்கி நாலாயிரத்து இருநூறு ரூபாய். அவனால் கண்வலி ஒட்டிக்கொண்டவர்கள் ஏழு பேர்; ஏழு பேருக்குப் பதினாலு கண்; கண்ணுக்கு முந்நூறு. சூப்பர்வைசர் சீட்டு எழுதி நீட்டினார். கட்டாவிட்டால் நாளையிலிருந்து வேலை இல்லை என்றும் சொன்னார். சொல்லும்போது சுவரைத்தான் பார்த்தார். வம்பன் கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளுமாம்.

"என் கண்ணைப் பார்த்து அந்தத் தொகையைக் கேளுங்க சார், அப்புறம் யோசிக்கிறேன்," என்றான் வம்பன்.

வம்பு இந்தத் தடவை அவன் இழுத்ததல்ல. திங்கட்கிழமை ஒரு மூட்டை தலைமேல் பிரிந்து கொட்டி, கண் இரண்டும் சிவந்து போயின. தூசி என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். எவனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சூப்பர்வைசர் அவனைக் கிடங்கின் கோடியில் ஒதுக்கினார். அவனுக்கு மூட்டை ஏற்றிவிடப் போகிறவன் பாதுகாப்பாக மாட்டிக்கொள்ளட்டும் என்று தம்முடைய கறுப்புக் கண்ணாடியையும் தந்தார்.

"கண்வலியாவே இருந்தாலும் பார்த்தா ஒட்டாதுய்யா. கண்ணைக் கசக்கின கை பட்டாத்தான் ஒட்டும்," என்று வம்பன் கோடியிலிருந்து கத்தினான்.

"கண்ணு செவந்ததும் டாக்டராயிட்டான் பாரு," என்றார் லாரிக்காரர்.

புதன்கிழமை, கண்ணாடி போட்ட இரண்டு பேருக்குப் பூளை தள்ளியது. போட்டவனுக்கே இந்தக் கதியென்றால் போடாதவன் என்ன ஆவான்? சூப்பர்வைசர் பதறிப்போய், ஆளுக்கு அரைமணி நேரம் என்று முறைவைத்து எல்லோருக்கும் மாட்டிவிட்டார். கண்ணாடிக்குள் வேர்த்துக் கொட்டியது. துடைக்க, ஆணியில் ஒரே ஒரு துண்டு. வெள்ளிக்கிழமைக்குள் ஏழு பேர் ஆனார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், வம்பன் கண் செவ்வாய்க்கிழமையே வெளுத்துவிட்டது. அதை நம்ப யாராவது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. காட்டலாம் என்று கிட்டே போனால், மலைபோல இருக்கிற ஆட்களெல்லாம் மூட்டைக்குப் பின்னால் பதுங்கினார்கள்.

இப்போது அவன் சீட்டை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கையில், முதலாளி அனுப்பிய நர்சம்மா உள்ளே வந்தார். வந்ததும் அவன் இமையை இழுத்துப் பார்த்தார். ஐந்து நாளில் அவனை நேராகப் பார்த்த முதல் மனுஷி.

"இவருக்கு ஒண்ணுமே இல்லையே," என்றார். பிறகு மற்ற ஏழு பேரையும் பார்த்தார். எல்லோரும் பொதுவாக எதைத் தொட்டீர்கள் என்று கேட்டார். ஏழு விரல்கள் கறுப்புக் கண்ணாடியைக் காட்டின.

சூப்பர்வைசருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அது என் சொந்தக் கண்ணாடிம்மா. இந்த வாரத்துக்கு முன்னாடி என்னைத் தவிர வேற எவனும் அதைத் தொட்டதே இல்லை."

கூட்டிப் பெருக்கும் அக்கா விளக்குமாற்றை நிறுத்தாமலே சொன்னாள்: "ஆமாம்மா, போன வாரம் பூரா கண்ணைத் தொறக்க முடியாம பூளை கட்டிக் கெடந்தப்பகூட சார்தான் போட்டிருந்தாரு. சீட்டுல பேரை மட்டும் மாத்திடுங்க சார், கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு."