பதிவேட்டில் ஒரு கட்டைவிரல்

தமிழ்நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த கட்டைவிரல் யாருடையது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்வேன். எந்த நடிகருடையதும் இல்லை. கொல்லிமலையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஸ்கேனர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒப்பந்த ஊழியருடையது. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் கட்டைவிரல்தான்.

பழைய நிலப் பதிவேடுகளை இணையத்தில் ஏற்றிவிட்டால், ஒரு காகிதத்துக்காக ஜனங்கள் வேலையைக் கெடுத்துக்கொண்டு பஸ் ஏறி வர வேண்டியதில்லை என்று மேலிடம் முடிவு செய்தது. நல்ல முடிவு. அதற்காகப் பேளுக்குறிச்சியிலிருந்து தினமும் மலையேறி வந்தவர்தான் இவர். கொண்டை ஊசி வளைவுகள் எழுபதிலும் பஸ் சீட்டிலிருந்து விழாமல் தூங்குவார். வந்ததும் பந்திக்கு உட்காருகிறவர் போலக் கையைக் கழுவி, துண்டில் துடைத்துவிட்டுத்தான் பதிவேட்டைத் திறப்பார்.

மேலிருந்து படம் பிடிக்கிற ஸ்கேனர் அது. பக்கத்தை அமுக்க ஒரு கண்ணாடித் தகடு உண்டு. அதை அவர் சீந்தவே மாட்டார். கட்டைவிரலால் பிடித்துக்கொண்டுதான் பட்டனைத் தட்டுவார். "கொஞ்சம் பொறுத்துக்க சாமி, ஆச்சு கண்ணு" என்று காகிதத்தோடு பேச்சு வேறு.

'பதிவேற்றப்பட்ட பக்கங்களில் மனித உறுப்பு ஒன்று தென்படுகிறது. விளக்கம் தருக' என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'அது என்னுடையதுதான்' என்று ஒரே வரியில் பதில் எழுதினார்.

ஜனங்களோ அந்த விரலை அரசாங்க முத்திரை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மலைமேலேயே இருக்கும் எடப்புளி நாட்டுக் கிராமத்திலிருந்து மிளகு விவசாயி ஒருவர் தன் நிலத்தின் பிரின்ட் அவுட்டோடு வந்து சண்டைக்கு நின்றார்.

"ஏனுங்க, பக்கத்துக் காட்டுக்காரனுக்கு வெரலோட வந்திருக்குது. எனக்கு மட்டும் காணமுங்களே? அப்ப எம்பட காடு செல்லாதுங்களா?"

"அது ஸ்கேன் பண்றவரு வெரலுங்க. அதுக்கு ஒரு மதிப்பும் இல்லீங்க."

"இருக்கட்டுமுங்க. எனக்கும் ஒண்ணு வெச்சுக் குடுத்துருங்க."

கட்டைவிரல் எழுந்து வந்து, அந்தப் பக்கத்தை விரலோடு மறுபடி படம் எடுத்துக் கொடுத்த பிறகே மனுஷர் நகர்ந்தார்.

புதிதாக வந்த அதிகாரிக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. "வெப்சைட்டுக்கு ஜனங்க உங்க விரலைப் பார்க்கவா வர்றாங்க?" என்றார்.

"கண்ணாடி வெச்சு அமுக்குனா நொறுங்கிப் போயிருமுங்க சார்" என்றார் இவர்.

யாரும் கேட்கவில்லை. நான் சிரிக்கக்கூடச் செய்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவரை அனுப்பிவிட்டு வேறொருவரை அமர்த்தினார்கள். புது ஆள் சூரர். கண்ணாடியை வைத்து அமுக்கிப் பக்கம் பக்கமாகத் தள்ளினார், உதிர்ந்த துணுக்குகளைச் சாயங்காலம் பெருக்கிக் கொட்டினார். இணையத்தில் பக்கங்கள் எல்லாம் பளிச்சென்று ஆயின. பழைய படங்களை அழிக்கும் வேலை எனக்கு வந்தது.

சில மாதம் கழித்துச் செல்லம்மா என்ற பெண்மணி வந்தார். அவருடைய குச்சிக்கிழங்குக் காட்டின் மேல் வழக்கு. மறுநாள் விசாரணை. பழைய பதிவேட்டில் மாமனார் பெயர் இருந்தால் காடு செல்லம்மாவுக்கு, இல்லாவிட்டால் இல்லை. இணையத்தில் பார்த்தோம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. பதிவேட்டைப் புரட்டினோம். அதிலும் ஓட்டை.

"போன வருசம் போன்ல பாத்தனுங்க. பேரு இருந்துச்சுங்க. வெரலுக்குப் பக்கத்துலயே இருந்துச்சுங்க" என்று அழுதார் செல்லம்மா.

கட்டைவிரலுக்குப் போன் போட்டேன். அடிவாரத்தில் கட்டட வேலையில் இருந்தார்.

"அந்த ஏடுங்களா? பேரு இருந்த துண்டு கழண்டு ஆடிக்கிட்டு இருந்துச்சுங்க. அதைத்தான் புடிச்சுக்கிட்டு இருந்தேன். பழைய படத்தை அழிச்சுப்போட்டீங்களா?"

என் சோம்பேறித்தனம் ஊருக்கு உபயோகப்பட்டது அந்த ஒரு முறைதான். அழிக்கவில்லை.

திறந்தோம். திரையில் அந்தப் பெரிய விரல். நகத்தை ஒட்டி, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் மாமனார் பெயர். செல்லம்மா திரையைத் தொட்டுக் கும்பிட்டார். அதிகாரி வந்து பார்த்தார். அடுத்த பக்கத்தைத் திறக்கச் சொன்னார், அதற்கடுத்ததையும். காகிதம் எங்கெல்லாம் கிழிந்திருந்ததோ அங்கெல்லாம் விரல் இருந்தது.

"பழைய படத்தையே ஏத்திடுங்க" என்றார் தணிந்த குரலில்.

காடு செல்லம்மாவிடமே நின்றது. கட்டைவிரலுக்குப் போனில் சொன்னேன். "சந்தோசமுங்க. அந்த ஏட்டை இன்னொருக்கா ஆரும் அமுக்க வேண்டாமுன்னு சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் கேட்டது.

நான் மாற்றலாகி வந்து நாளாகிறது. இப்போதும் எப்போதாவது அந்த இணையதளத்தைத் திறப்பேன். யாருடைய காட்டைப் பற்றியும் எனக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த விரலை ஒருமுறை பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.