தழுவல் முறைத் திருட்டும் என் தாளமும்

உலகத்து மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். பொருளைப் பறிகொடுப்பவர்கள் ஒரு வகை. நான் ஒரு வகை. முதல் வகையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். இரண்டாவது வகையில் இடம் தாராளமாக இருந்தது. நான் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

இதைக் கர்வத்தில் சொல்லவில்லை. என் உத்தியோகம் அப்படி. பயணக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில், சுற்றுலா போன இடத்தில் பணத்தையோ நகையையோ பறிகொடுத்துவிட்டு நஷ்டஈடு கேட்பவர்களின் மனுக்களைப் 'பரிசீலிப்பவன்' நான். எங்கள் பிரிவில் பரிசீலனை என்றால், நிராகரிப்பதற்கு முன்னால் ஒரு வாய் காப்பி குடிப்பது. 'மனுதாரர் போதிய கவனத்துடன் இருந்திருப்பின் மேற்படி சம்பவம் நிகழ்ந்திராது' என்ற வாக்கியம் என் சொந்தப் படைப்பு. அதன் அழகில் சொக்கிப்போன மேலதிகாரி, அதை ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து கொடுத்துவிட்டார். ஓங்கிக் குத்தும்போது மேசை அதிரும். எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடிக்கும்.

கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மனுக்கள் தனி ரகம். எல்லாவற்றிலும் ஒரே கதை. பொழுது சாய்கிறது, கலர் விளக்குகள் எரிகின்றன, கடைக்குக் கடை பாட்டு அலறுகிறது. ஆசாமி கையை வீசிக்கொண்டு நடக்கிறார். முன்பின் தெரியாத ஒருவன் ஓடிவந்து கட்டிப்பிடித்து இரண்டு வார்த்தை புகழ்கிறான். அவன் போன பிறகு பார்த்தால் பர்ஸ் இல்லை. இதற்கு நான் 'தழுவல் முறை' என்று பெயர் சூட்டி, புதிதாகச் சேர்ந்த ஊழியர்களுக்கு ஒரு வகுப்பே எடுத்திருக்கிறேன்.

"ஏம்ப்பா, முன்னபின்ன தெரியாதவன் உன்னை எதுக்குக் கட்டிப்பிடிக்கணும்? பெத்த பிள்ளையே கிட்ட வரமாட்டேங்குது. இதைக்கூட யோசிக்காதவனுக்கு நாம ஏன் காசு குடுக்கணும்?" என்று நான் கேட்டபோது அரங்கமே கைதட்டியது. அரங்கம் என்றால் சாப்பாட்டு அறை.

இப்பேர்ப்பட்ட நான், மனைவியோடு அப்படிப்பட்ட ஒரு கடற்கரை ஊருக்கே விடுமுறைக்குப் போனேன். பாம்பாட்டி பாம்புப் புற்றுக்குப் போவது போலத்தான், பயமில்லாமல்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் நிரூபித்துக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வாள். புருஷன் என்பதற்காகச் சலுகை கிடையாது. அவளிடம் ஒரு கைக்கடிகாரம் உண்டு. அவள் அப்பா கட்டியிருந்தது. சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய ரகம். மாமனார் காலமானபோது அண்ணன்மார் வீட்டையும் மனையையும் பிரித்துக்கொள்ள, இவள் இதை மட்டும் கேட்டு வாங்கி வந்தாள். தினமும் காலையில் கண் விழித்ததும் சாவி கொடுத்து, காதில் வைத்து, ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் கட்டிலை விட்டு இறங்குவாள். வெளியூர் போனால் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வாள்.

ஹோட்டல் அறைக்குப் போய்ச் சேர்ந்த சாயந்தரம், புதுப் பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். சட்டை அபாரம். மணிக்கட்டு மட்டும் மொட்டையாக இருந்தது.

"அந்த வாட்சைக் கொஞ்சம் குடேன்," என்றேன்.

"எதுக்கு?"

"கட்டிக்கத்தான். கீழே தெருவுல ஒரு நடை போயிட்டு வருவோம்."

"வேணாங்க. கூட்டமான இடம். அது அப்பாவோடது."

"யார்கிட்ட சொல்றே? நான் யாருன்னு தெரியும்ல?"

"தெரியும். அதான் வேணாங்கிறேன்."

இந்தக் கட்டத்தில் முரட்டுப் புருஷன் சத்தம் போடுவான். நான் பண்பாடு உள்ளவன். அவள் தோளைச் சுற்றி இடது கையைப் போட்டேன். காதருகே குனிந்து, "இந்தச் சேலை உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு தெரியுமா?" என்றேன். அவள் முகம் சிவந்துபோனது. "என்ன இது, புதுசா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வாட்ச் என் மணிக்கட்டுக்கு வந்துவிட்டது.

"அடப்பாவி மனுஷா! பத்திரம்ங்க," என்றாள். லிஃப்டிலும் சொன்னாள், வாசலிலும் சொன்னாள். இல்லறத்தில் இதற்கெல்லாம் அன்பு என்று பெயர்.

தெரு நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. 'ஜேப்படிக்காரர்கள் ஜாக்கிரதை' என்ற பலகையை நின்று படித்து, அதில் இருந்த எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்தேன். மனைவி செருப்புக்குள் புகுந்த மணலைத் தட்டுவதற்காக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கொஞ்சம் தள்ளி, பாட்டுச் சத்தம் வந்த பக்கம் நின்று, லேசாகத் தலையை ஆட்டினேன். ஒப்புக்கொள்கிறேன், காலும் ஆடியது.

"அண்ணே!"

ஒல்லியான வாலிபன். பளிச்சென்ற சிரிப்பு. ஓடி வந்து என் முன்னால் நின்று வாயில் கை வைத்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அங்கேருந்து பாத்துக்கிட்டே இருக்கேன். உங்க உடம்புல தாளம் இருக்குண்ணே!"

"எனக்கா?"

"உங்களுக்கேதான். இதெல்லாம் கத்துக்கிட்டு வராதுண்ணே. பிறவியிலேயே இருக்கணும்."

வாசகர்கள் இங்கே என் நிலைமையைப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அறிவில்லாதவன் அல்ல. 'தழுவல் முறை' என் மூளைக்குள் மணி அடிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மனுதாரர்கள் எல்லாம் யார்? தொப்பை போட்டவர்கள், வழுக்கைத் தலையர்கள், தாளம் இல்லாதவர்கள். அவர்களை ஒருவன் கட்டிப்பிடித்தால் அது பர்ஸுக்காகத்தான் இருக்க முடியும். என் விஷயம் வேறு. எனக்கும் தொப்பை உண்டு, வழுக்கையும் உண்டு. இருந்தாலும் தாளம் இருந்தது.

அவன் கட்டிப்பிடித்தான். தோளில் கை போட்டு, மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றவும் விட்டான். ஒரு பாட்டு முழுக்க ஆடினோம். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "வர்றேண்ணே, இதை விட்றாதீங்க," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீஸில் இத்தனை வருஷ சர்வீஸில் என்னிடம் யாரும் இப்படி இரண்டு வார்த்தை சொன்னதில்லை.

மனைவி பக்கத்தில் வந்தாள். "யாருங்க அது?"

"ரசிகர்."

"யாரோட ரசிகர்?"

இதற்கெல்லாம் பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு. முன்னால் நடந்தேன்.

"சரி, மணி என்ன ஆச்சு? சாப்பிடப் போகலாம்," என்றாள்.

நான் கம்பீரமாகக் கையை உயர்த்திப் பார்த்தேன். மணிக்கட்டு மொட்டையாக இருந்தது.

"கழண்டு விழுந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு மணலில் முட்டி போட்டேன்.

"என்னங்க, அந்தாளு எடுத்துட்டான்."

"சும்மா இரு. ஒரு கலைஞனைப் போய் அப்படிச் சொல்லாதே. அவன் கண்ணுல உண்மை இருந்தது."

"கையில எங்கப்பா வாட்ச் இருந்தது," என்றாள். ரொம்ப நேரம் மணலைக் கிளறினேன். ஒரு சீப்பும் யாருடையதோ ஓர் ஒற்றைக் கம்மலும் கிடைத்தன. போலீசுக்குப் போகலாம் என்றாள். என் ரசிகர்மேல் நானே புகார் கொடுப்பதா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை கண் விழித்துப் பார்த்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெறும் காற்றில் சாவி கொடுத்துக்கொண்டிருந்தன. நான் பார்ப்பது தெரிந்ததும் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு அழுதாள். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன்.

பேப்பருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணக்கு டீச்சரின் குரல் வந்தது. "அவரு உங்க தாளத்துக்குத்தான் வந்தாரு. அப்படித்தானே?"

"சந்தேகமே வேண்டாம்."

"சரி. இன்னிக்குச் சாயந்தரம் அதே இடத்துல, அதே சட்டையோட போய் நில்லுங்க. பர்ஸ் வேணாம், மோதிரம் வேணாம், போன் வேணாம். ரெண்டு பையையும் வெளிய இழுத்து விட்டுக்குங்க. தாளம் மட்டும் இருக்கட்டும். அவரு வந்து கட்டிப்பிடிச்சாருன்னா, நானே உங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்குறேன்."

"கேட்கத்தான் போறே," என்றேன்.

அன்று சாயந்தரம் நான் ஆடியதை அந்தத் தெரு லேசில் மறக்காது. பேன்ட் பைகள் இரண்டும் நாக்கைத் தொங்கப்போட்டது போல வெளியே தொங்க, தலை ஆடி, இடுப்பு ஆடி, கடைசியில் இரண்டு கையையும் தூக்கிக்கூட ஆடினேன். ஒரு குழந்தை பயந்து அழுதது. மனைவி அதே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வந்தான்! தூரத்தில் பார்த்ததுமே என் நெஞ்சு நிறைந்துவிட்டது. நேராக என்னை நோக்கி வந்தான். என் மணிக்கட்டைப் பார்த்தான். என் பைகளைப் பார்த்தான். பெஞ்சைத் தாண்டிப் போகிறவனைப் போல என்னைத் தாண்டிப் போனான். எனக்குப் பின்னால் ஒரு பருமனான ஆள், கழுத்தில் காமெராவோடு, மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே!" என்று அவரைக் கட்டிப்பிடித்தான். "உங்க உடம்புல தாளம் இருக்குண்ணே!"

எனக்கு ரத்தம் கொதித்தது. "யாருக்குடா தாளம்? இந்த ஆளுக்கா?" என்று கத்தினேன். "நல்லா பாருடா! அசையவே இல்ல!" அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காமெராக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்து, "பொறாமைப்படாதீங்க சார்," என்றார். இதைச் சொல்லி முடிக்கும்போது அவர் கழுத்தில் வார் மட்டும் இருந்தது.

அந்த நிமிஷமே மனைவியையும் அழைத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தேன். திருட்டுக்காக அல்ல, நம்பிக்கைத் துரோகத்துக்காக.

ஸ்டேஷனில் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றில் வரிசையாக மணல் ஒட்டிய கால்களோடு சுற்றுலாப் பயணிகள். எல்லோருடைய முகத்திலும் ஓர் அபிமானி கைவிட்ட சோகம். எங்கள் முறை வந்தபோது இன்ஸ்பெக்டர் தலை நிமிராமலே கேட்டார்.

"தாளமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த வாரம் பூரா தாளம்தான் சார். போன வாரம் கண்ணழகு. முந்தாநாள் ஊன்றுகோலோட வந்த பெரியவருக்குக்கூட இருந்துச்சாம். என்ன போச்சு?"

"வாட்ச்," என்றாள் மனைவி. "எங்கப்பாவோடது."

அவள் அதைச் சொன்ன விதத்தில் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இன்சூரன்ஸ் இருக்கா சார்?" என்று என்னைக் கேட்டார்.

"இருக்கு. எங்க ஆபீஸ்தான். மனு என் மேசைக்குத்தான் வரும்."

"நல்லதாப் போச்சு. அப்ப கிடைச்சிடும்."

"கிடைக்காது," என்றேன். என் காதுக்குள் மேசை அதிர்ந்தது. அந்தச் சத்தம் முதல்முறையாக எனக்குப் பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "ஆளுக்கு ஆள் பிடி மாறும் சார். பிடியை வச்சுத்தான் எந்தக் கோஷ்டின்னு சொல்ல முடியும். எப்படிக் கட்டிப்பிடிச்சான், அப்படியே செஞ்சு காட்டுங்க. என்னை வேணாம். உங்க வீட்டம்மாவை."

மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு நிற்பதைப் போல நின்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். அனுபவஸ்தன் என்பதால் தடுமாற்றமே இல்லை. இடது கை தோளைச் சுற்றிப் போனது. வாய் காதருகே போனது. ஏதோ ஒரு பாராட்டு தானாக வந்தது. அவ்வளவு லாவகமாகச் செய்வேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

"இருங்க, இருங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "வாட்ச் உங்க கையிலதானே கட்டியிருந்தது?"

"ஆமா."

"அப்ப உங்க வலது கை எதுக்கு அவங்க பைக்குள்ள போகுது?"

நான் குனிந்து பார்த்தேன். போயிருந்தது.

மனைவி அசையவில்லை. "ஐயா, இதே மாதிரி ஒரு ஆள் என்னையும் கட்டிப்பிடிச்சாருங்க," என்றாள்.

இன்ஸ்பெக்டர் திடுக்கிட்டுப் பேனாவை எடுத்தார். "எப்பம்மா?"

"நேத்து சாயந்தரம். ஹோட்டல் ரூம்லயே. இதே இடது கை, இதே தோள். சேலை எடுப்பா இருக்குன்னாரு. வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டிருந்தவ, அதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டு நின்னுட்டேன். என்னை அப்படி யாரும் சொல்லி ரொம்ப நாளாச்சுங்க. சிரிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்கப்பா வாட்ச் பையிலேர்ந்து போயிடுச்சு."

"அப்ப முதல் சம்பவமே அங்கதான் நடந்திருக்கு," என்று இன்ஸ்பெக்டர் பரபரவென்று எழுதினார். "ஏம்மா, இதை முதல்லயே சொல்றதில்லையா? ஆளைப் பாத்தா அடையாளம் தெரியுமா?"

"தெரியாம என்னங்கய்யா," என்றாள். "இன்னும் பையிலேர்ந்து கையை எடுக்கலையே."