மாமாவின் பாதித் தாடி

கர்த்தருக்குள் அன்பான பாஸ்டர் மச்சானுக்கு, உங்கள் முறைப்படி ஸ்தோத்திரமும் என் முறைப்படி ஆண்டவரின் சமாதானமும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. உங்கள் அப்பா பாதி முகத்தில் தாடியோடு பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். மற்றபடி நலம்.

மாமா போனில் ஏதாவது சொல்வதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். அவர் எங்களோடு வந்து தங்கிய புதிதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் இன்ஸ்பெக்டராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். பரலோகத்துக்கும் லிஃப்ட்தான், மேலே இருந்து கிருபையே இழுக்கிறது, கத்தோலிக்கர்கள் நீங்கள்தான் கிரியை, கிரியை என்று நற்செயல்களை அடுக்கி மூச்சிரைக்கப் படியேறுகிறீர்கள் என்று சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாலே ஆரம்பித்துவிடுவார். நானும் சும்மா இருக்க மாட்டேன். ஏறி நின்றால் போதுமா மாமா, பொத்தானையாவது அழுத்த வேண்டாமா என்பேன். இப்படியே பேச்சு முற்றி, ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை, செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மாமாவைப் பேசியதையெல்லாம் சொல்லி, அவர் கை நடுங்கி ஷேவ் பண்ணும்போது தாடையைக் கிழித்துக்கொள்வதைப் பார்த்தும் பார்க்காதவன்போல் போனதையும் சொன்னேன். பரிகாரமாக வழக்கமாகச் சொல்லச் சொல்லும் ஜெபம் எதையும் ஃபாதர் இந்தத் தடவை தரவில்லை. "ஒரு வாரம் நீங்களே அவருக்கு ஷேவ் பண்ணி விடுங்க. அதுதான் பரிகாரம்" என்றார்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன் நான், கை ஆடாது. குளியலறை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு, கழுத்தில் துண்டைச் சுற்றி வேலையை ஆரம்பித்தேன். முதல் நாள் தூக்குமேடையில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டே கதை சொல்லத் தொடங்கினார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றபோது உள்ளே மாட்டிக்கொண்ட மாமியாரும் மருமகளும் சமாதானமாகி வெளியே வந்த கதையை அவர் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களோ என்னவோ, நான் சிரித்த சிரிப்பில் கத்தியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. போன வாரம் இடது கன்னம் முடிந்து வலது கன்னத்தில் சோப்பு போட்டிருக்கும்போது, "மாப்பிள்ளை, கிருபை உங்களைத் தொட்டிருச்சு. இல்லேன்னா இப்படி ஒரு மனசு வராது" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்காதவன் நான். வெட்கம் பிடுங்கித் தின்ன, "அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா, ஃபாதர் கொடுத்த பரிகாரம்" என்று உளறித் தொலைத்தேன்.

மனிதர் அப்படியே எழுந்தார். "அப்போ நான் உங்க பாவத்துக்கு அபராதமா? உங்க மோட்சத்துக்குப் படிக்கட்டா இருக்க என்னால முடியாது மாப்பிள்ளை" என்று சோப்பைத் துடைத்துக்கொண்டு போனவர்தான், இன்னும் என்னை முகத்தில் கை வைக்க விடவில்லை. இடது கன்னத்தைத் தானே கீறிக்கொண்டு வழித்துக்கொள்கிறார், நான் பாதியில் விட்ட வலது கன்னத்தை மட்டும் தொடுவதே இல்லை. அந்தக் கோலத்திலேயே சபைக்கும் போனார். கேட்டவர்களிடமெல்லாம், "என் மருமகனைப் போய்க் கேளுங்க" என்றாராம். கேட்க வந்தவர்களுக்கு டீ போட்டே உங்கள் தங்கை ஓய்ந்துபோனாள்.

மச்சான், ஃபாதர் சொன்ன அந்த ஒரு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது. அதற்கப்புறம் மாதக்கணக்கில் நடந்த ஷேவிங்குக்கு எந்த ஃபாதரும் பொறுப்பில்லை. அவர் பக்கத்தில் நிற்கப் பிடித்திருந்தது, நின்றேன், அவ்வளவுதான். இதை மாமாவிடம் சொன்னால், சாட்சி இருக்கா என்கிறார். ஃபாதரிடம் ஓடினேன். "பாவசங்கீர்த்தனத்துல கேட்டதை வெளிய சொல்லக் கூடாது. நீங்க என்கிட்ட வந்தீங்கன்னுகூட என் வாயால வராது" என்று கையை விரித்துவிட்டார். விஷயம் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஆண்டவர் வாய் திறக்கவில்லை, ஃபாதர் திறக்கக் கூடாது, என்னை யாரும் நம்புவதில்லை.

இப்போ நான் என்ன செஞ்சாலும் அது கிரியை கணக்குல போயிடுது. டீ கொண்டுபோய் வச்சா, "இது எந்தப் பாவத்துக்கு?"ங்கறார். நான் செஞ்சு கொடுத்த கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, காது ஒடிஞ்ச பழைய கண்ணாடியை நூலால கட்டி மாட்டிக்கிட்டுக் கதவுல இடிச்சுக்கறார். சரி, ஒண்ணுமே செய்ய வேணாம்னு சும்மா உட்கார்ந்தா, "அப்பா ஊரை விட்டே போறாரு, நீங்க பேப்பர் படிக்கிறீங்களா?"ன்னு உங்க தங்கச்சி பேப்பரைப் பிடுங்கறா. கடையில நேத்து ஒருத்தருக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிக் கொடுத்துட்டேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் உங்கள் வீட்டுக்கே வந்துவிடப்போகிறாராம். தயவுசெய்து இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். பாஸ்டரைப் பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், போன தடவை நாங்கள் வந்தபோது நான் ஹாலில் ஷூ அலமாரிக்குப் பக்கத்தில்தான் படுத்தேன். முடிந்தால் நீங்களே ஒரு நடை வந்து, அவர் என் பரிகாரம் இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். அவர் போய்விட்டால் அந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு காலையில் பல் தேய்க்க என்னால் முடியாது மச்சான்.

உங்கள் வீட்டாருக்கும் சபையாருக்கும் எங்கள் அன்பு. கிருபையோ அருளோ, எந்தப் பெயரில் வந்தாலும் உங்கள் வீட்டில் அது குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன் (இன்றைய நிலவரப்படி)

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடும்போது மாமா சோப்புக் கிண்ணத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "கோபத்துல உங்களைக் கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன் மாப்பிள்ளை. அதுக்கு நானும் ஏதாவது செய்யணும்ல. உங்க கத்திக்கே கழுத்தைக் கொடுத்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார். "மாமா, இதுக்குப் பேர்தானே பரி..." என்று ஆரம்பித்தேன். "பேசாம சோப்பைப் போடுங்க" என்றார். ஆகவே நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் இதற்கு என்ன பெயர் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். வலது கன்னம் முடிந்ததும் பயந்துகொண்டே, எத்தனை நாளைக்கு மாமா என்று கேட்டேன். "நாள் எண்ணுறதெல்லாம் உங்க ஆளுங்க பழக்கம்" என்று மறுபடி இடது கன்னத்தை உப்பிக் காட்டினார்.